சிங்கப்பூரில் வேலை, ஆன்ஃபீல்டில் மனசு: புதிதாக வந்த லிவர்பூல் ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காக சிங்கப்பூர் வந்து, சின்ன வயதிலிருந்தே லிவர்பூல் கால்பந்து அணி என்றால் உயிர் என்று இருந்து, ஒரு தடவையாவது அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்திய பாஸ்போர்ட்டும் வேலை அனுமதியும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இங்கிலாந்து போக விசா தேவையில்லை, ஈடிஏ என்ற முன் அனுமதியை மட்டும் இணையத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். நமக்கு அப்படி இல்லை. நமக்கு டிக்கெட், விசா, லீவு, விமானம் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் இங்கே, வீட்டிலிருந்தே பார்ப்பதைச் சரிசெய்துகொள்ளுங்கள்

வருடத்தில் ஒரு ஆட்டத்தை நேரில் பார்ப்போம், மற்றதெல்லாம் இங்கே திரையில்தான். அதனால் நேரக் கணக்கு மனப்பாடமாக வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்து நமக்கு 8 மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் 7 மணி நேரம். அதாவது அங்கே சனிக்கிழமை மதியம் 12.30 ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30, குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். மாலை 3 மணி ஆட்டம் இரவு 11. ஞாயிறு 4.30 ஆட்டம்தான் ஆளைக் கொல்வது, குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30க்குத் தொடங்கி முடியும்போது இரண்டரை நெருங்கிவிடும், காலையில் திங்கட்கிழமை ஆபீஸ். சாம்பியன்ஸ் லீக் அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு விடியற்காலை 4.

4 மணி ஆட்டத்துக்கு விழித்துக்கொண்டே காத்திருக்காதீர்கள். 9 மணிக்குப் படுத்து மூன்றே முக்காலுக்கு எழுந்துவிடுங்கள், ஆட்டம் முடிந்ததும் திரும்பப் படுக்காமல் குளித்துவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். அன்று இரவு சீக்கிரம் தூங்கினால் போதும். ஞாயிறு நள்ளிரவு ஆட்டத்துக்கு இந்த வழி செல்லாது, அதற்குப் பகல் தூக்கம்தான் ஒரே வழி, வீட்டில் குழந்தை இருந்தால் அதுவும் நடக்காது. துணையிடம் சீசன் தொடக்கத்திலேயே பட்டியலைக் காட்டி, எந்த இரவுகள் எனக்கு, எந்தக் காலைகள் உனக்கு என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பேசி வைத்த வீடுகளில் ஆன்ஃபீல்டு பயணத்துக்கும் சம்மதம் சுலபமாகக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்து லீக்கான பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமை 2022-23 சீசனிலிருந்து ஸ்டார்ஹப் நிறுவனத்திடம் இருக்கிறது. இணையம் வழியாகப் பார்த்தால் படம் சில நொடிகள் தாமதமாகத்தான் வரும், ஊர் நண்பர்களின் குழுவில் கோல் செய்தி முந்திக்கொள்ளும், ஆட்டம் முடியும்வரை போனை அமைதியில் போடுங்கள். வீவக (அரசு வீட்டு வாரிய) அடுக்குமாடியில் அதிகாலை நாலரை மணிக்கு கோல் விழுந்தால் கத்தக்கூடாது என்பதும் பழக வேண்டிய ஒன்று. பக்கத்து வீட்டில் வயதானவர்கள் தூங்குகிறார்கள்.

வெளியே போய்ப் பார்ப்பவர்களுக்கு: இரவு 11 மணி ஆட்டம் முடியும்போது எம்ஆர்டி ரயில் ஓடாது. டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 வரை 50 சதவீதம் கூடுதல் கட்டணம். அப்படியும் மாதத்துக்கு ஒரு ஆட்டமாவது ரசிகர் மன்றத்தோடு சேர்ந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். சிங்கப்பூரில் லிவர்பூலுக்கு அதிகாரப்பூர்வ ரசிகர் மன்றம் உண்டு, ஆன்ஃபீல்டு போய் வந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள், எந்த ஸ்டாண்டில் எந்த வரிசை நல்லது என்பதுவரை சொல்வார்கள். அதிகாரப்பூர்வ மன்றங்கள் உறுப்பினர்களுக்காகக் கிளப்பிடம் டிக்கெட் கேட்டு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது.

டிக்கெட்: இதுதான் முதல் படி, விமானம் அல்ல

சலுகை விலையில் விமான டிக்கெட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டு, அப்புறம் மேட்ச் டிக்கெட் தேடுகிறவர்கள்தான் ஏமாற்றுக்காரர்களிடம் மாட்டுகிறார்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

கிளப்பின் இணையதளத்தில் உறுப்பினர் சந்தா கட்டுங்கள். உறுப்பினர்களுக்கான டிக்கெட் கடந்த சில சீசன்களாகக் குலுக்கல் முறையில்தான் போகிறது, சீசன் தொடங்கும் முன் முதல் பாதி ஆட்டங்களுக்கு ஒரு குலுக்கல், நடுவில் இரண்டாம் பாதிக்கு இன்னொன்று. பதிவு செய்யக் கடைசித் தேதி உண்டு, ஜூன் மாதத்திலிருந்தே தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். கூட வருபவரும் தனியாக உறுப்பினராக வேண்டும், இருவர் கணக்கையும் முன்கூட்டியே இணைத்துவிட்டால் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டங்களை மட்டும் குறிவைத்தால் கிடைப்பது கடினம். கீழ்வரிசை அணிகளுடனான ஆட்டங்களையும் சேர்த்துப் போடுங்கள். முதல் தடவை போகிறவருக்கு எதிரணி யார் என்பது ஒரு பொருட்டே இல்லை, உள்ளே நுழைந்து பச்சைப் புல்லைப் பார்த்த அடுத்த நிமிடமே உங்களுக்கு அது தெரிந்துவிடும்.

குலுக்கலில் வரவில்லையா? சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் வர முடியாதபோது திருப்பிக் கொடுக்கும் இருக்கைகள் ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் கிளப்பின் தளத்திலேயே ஒன்றிரண்டாக வரும், உள்ளூர்க்காரருக்கு அது நல்ல வழி, 14 மணி நேரம் பறந்து வருகிறவருக்கு அது சூதாட்டம். அதைவிட கிளப்பே விற்கும் ஹாஸ்பிட்டாலிட்டி டிக்கெட் மேல். விலை பல மடங்கு, சாப்பாடும் சேர்த்து, ஆனால் உறுதியாகக் கையில் இருக்கும். வாழ்க்கையில் ஒரே தடவைதான் போகப் போகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாம் ஆட்களிடம் மட்டும் வாங்கவே வேண்டாம். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994 சட்டப்படி குற்றம், மற்ற நிகழ்ச்சி டிக்கெட்டுகளைப் போல அல்ல. டிக்கெட் இப்போது போனில் இருக்கிறது, வாசலில் போனைக் காட்டினால் கதவு திறக்கும். இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை நம்பிப் போனால், கிளப் அந்தக் கணக்கை முடக்கிவிட்ட செய்தி வாசலில் நிற்கும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

தேதி நகரும், அதற்கு இடம் விடுங்கள்

ஜூன் நடுவில் அட்டவணை வெளியாகும், பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமை 3 மணி என்று இருக்கும். அதை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். தொலைக்காட்சி நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த பிறகு அது வெள்ளி இரவு, சனி மதியம், ஞாயிறு மாலை, திங்கள் இரவு என்று எங்கு வேண்டுமானாலும் போகும், லிவர்பூல் மாதிரியான அணிக்கு நகராமல் இருந்தால்தான் அதிசயம். புதிய தேதி பெரும்பாலும் ஐந்தாறு வாரம் முன்னால்தான் உறுதியாகும்.

அதனால் ஒரு ஆட்டத்துக்காகத் திட்டம் போடாமல் ஒரு வார இறுதிக்காகப் போடுங்கள். புதன் இரவு இங்கிருந்து கிளம்பி வியாழன் காலை அங்கே இறங்கி, செவ்வாய் திரும்பினால், வெள்ளி முதல் திங்கள் வரை எந்த நாளுக்கு ஆட்டம் மாறினாலும் நீங்கள் அங்கே இருப்பீர்கள். நான்கு நாள் லீவு போகும், புதன்கிழமை இறங்கி நேராக ஆபீஸ் போகும் தெம்பு இல்லையென்றால் ஐந்து. சட்டப்படி முதல் வருட ஊழியருக்குக் குறைந்தபட்ச லீவு 7 நாள்தான், பல கம்பெனிகள் அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன, அப்படியும் தீபாவளிக்கு ஊருக்குப் போவதா ஆன்ஃபீல்டு போவதா என்ற கேள்வி வரத்தான் செய்யும். முதல் வருடம் ஊருக்கே போங்கள் என்பது என் கருத்து. அம்மா அப்பா காத்திருப்பார்கள், ஆன்ஃபீல்டு அங்கேயேதான் இருக்கும், லீவும் சேரும்.

தவிர்க்க வேண்டிய வாரங்களும் உண்டு. எஃப்ஏ கோப்பை அரையிறுதி, லீக் கோப்பை இறுதி ஆட்டம் நடக்கும் வார இறுதிகளில் லிவர்பூல் அந்தக் கோப்பையில் தொடர்ந்தால் லீக் ஆட்டம் வாரநாளுக்கோ, மாதக்கணக்கில் தள்ளியோ போய்விடும். தேசிய அணிகளுக்கான இடைவெளியில் லீக் ஆட்டமே கிடையாது. ஏப்ரலில் லிவர்பூலை ஒட்டிய ஐன்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஊரில் ஹோட்டல் விலையைப் பார்க்கவே முடியாது. அப்புறம் டிசம்பர். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஆட்டங்களும் அடுத்தடுத்து வரும், எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் 25ஆம் தேதி இங்கிலாந்தில் ரயிலே ஓடாது, 26ஆம் தேதியும் ஏறக்குறைய அப்படித்தான். லண்டனில் தங்கிக்கொண்டு 26ஆம் தேதி ஆட்டத்துக்கு லிவர்பூல் வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், 24ஆம் தேதியே லிவர்பூலுக்குள் இருக்க வேண்டும்.

விசா

நமக்குத் தேவை சாதாரண வருகையாளர் விசா, ஆறு மாதத்துக்கானது. 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்ட் ஆனது, விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம், கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர பொதுவாக மூன்று வாரம். சிங்கப்பூரிலேயே விண்ணப்பிக்கலாம், ஊருக்குப் போய்ச் செய்ய வேண்டியதில்லை.

கேள்வித்தாளில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் கால்பந்து ஆட்டம் பார்க்க என்றே எழுதுங்கள், அதில் எந்தத் தவறும் இல்லை. வேலை அனுமதியின் நகல், கம்பெனியிலிருந்து லீவு அனுமதிக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், தங்கும் திட்டம், இவை முக்கியம். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் யாரிடமாவது கடன் வாங்கிக் கணக்கில் பெரிய தொகையைப் போட்டுக்காட்ட வேண்டாம், பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் அது கிளப்பும். சம்பளம் ஒழுங்காக வந்து, செலவு ஒழுங்காகப் போயிருக்கிற கணக்கே போதும்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று, பரிசீலனை முடியும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கலாம். அந்த வாரங்களில் ஊரில் அவசரம் என்றால், கம்பெனி திடீரென்று ஜகார்த்தா போகச் சொன்னால், கையில் பாஸ்போர்ட் இருக்காது. வீட்டில் வயதானவர்கள் உடம்பு சரியில்லாமல் இருக்கும் நேரமாக இருந்தால், கூடுதல் கட்டணம் கட்டி பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று விண்ணப்ப மையத்தில் முதலிலேயே கேளுங்கள்.

விசா வரும்வரை திருப்பித் தராத விமான டிக்கெட்டும் ஹோட்டலும் எடுக்க வேண்டாம். ஹோட்டலை மட்டும் ரத்து செய்யக்கூடிய வகையில் சீக்கிரமே பதிவு செய்துவிடுங்கள், ஆட்ட நாள் அறிவித்த பிறகு விலை ஏறிவிடும்.

பறப்பதும் இறங்குவதும்

சிங்கப்பூரிலிருந்து மான்செஸ்டருக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய 14 மணி நேரம். துபாய், தோஹா வழியாகப் போனால் பெரும்பாலும் விலை குறையும், நேரம் கூடும். லண்டனில் இறங்கினால் அங்குள்ள யூஸ்டன் நிலையத்திலிருந்து லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம், ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் பாதி விலைகூட ஆகலாம், ஆனால் அந்தக் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும், விமானம் தாமதமானால் போச்சு. என்னைக் கேட்டால் மான்செஸ்டர்தான். விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம், அங்கிருந்து லைம் ஸ்ட்ரீட் ஒன்றரை மணி நேரத்துக்குள்.

ஆட்டத்தன்று காலையில் இறங்கும்படி மட்டும் திட்டம் போடாதீர்கள். இரவு 8 மணி ஆட்டம் உங்கள் உடம்புக்கு விடியற்காலை 4 மணி. சனி 5.30 ஆட்டம் நள்ளிரவு ஒன்றரை. இத்தனை பணம் கொட்டி வந்து, இரண்டாம் பாதியில் கண் சொக்குவதைவிடக் கொடுமை வேறில்லை. முதல் இரண்டு நாள் அதிகாலை மூன்று நாலு மணிக்கே விழிப்பு வரும், மாலை ஆறு மணிக்குத் தலை தொங்கும். பகலில் அறைக்குள் படுக்காமல் வெளிச்சத்தில் நடங்கள், இரவு ஒன்பது வரை எப்படியாவது தள்ளுங்கள். வியாழன் இறங்கினால் சனிக்கிழமைக்குள் ஓரளவு சரியாகிவிடும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, தண்ணீர் நிறையக் குடிப்பது, கால் வீங்குகிறவர்கள் அழுத்தக் காலுறை போடுவது, இதெல்லாம் தெரிந்ததுதான், செய்வதுதான் முக்கியம்.

சிங்கப்பூரின் மூன்று முனை ப்ளக் அங்கேயும் அப்படியே பொருந்தும், அடாப்டர் வேண்டாம், ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முனைச் சார்ஜரை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். பவர் பேங்க் கட்டாயம், ஏனென்றால் டிக்கெட் போனில். ஹோட்டலில் இருக்கும்போதே டிக்கெட்டை போன் வாலட்டில் இறக்கி, திறந்து பார்த்துவிடுங்கள்.

உடை விஷயத்தில் சிங்கப்பூர் உடம்பை நம்பாதீர்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், மெர்சி ஆற்றிலிருந்து வரும் ஈரக்காற்று தெர்மாமீட்டர் காட்டுவதைவிட அதிகமாகக் குளிரும். ஒரே தடித்த கோட்டைவிட உள்ளே தெர்மல், மேலே ஜெர்சி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். அசையாமல் இரண்டு மணி நேரம் இருக்கப் போவதால் கால்தான் முதலில் விறைக்கும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.

ஆட்ட நாள்

ஆன்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஊர் நடுவிலிருந்து பேருந்துகள் போகும், இல்லையென்றால் மெர்சிரெயில் என்ற உள்ளூர் ரயிலில் சாண்ட்ஹில்ஸ் நிலையம் போய் அங்கிருந்து ஆட்ட நாள் பேருந்து. பெரிய பை உள்ளே விடமாட்டார்கள், ஏ4 தாள் அளவுக்குள் இருக்கட்டும், பெட்டியை ஹோட்டலிலேயே விடுங்கள். உள்ளே ரொக்கம் வாங்கமாட்டார்கள், கார்டு வேண்டும். பீர் வாங்கினால் கடைகள் இருக்கும் உள் நடைபாதையிலேயே குடித்து முடிக்க வேண்டும், மைதானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோவது சட்டப்படி தடை.

குறைந்தது இரண்டரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளின் வரிசை, ஒரு தெருமுனையில் திரும்பியதும் அந்த வீடுகளின் கூரைக்கு மேலே திடீரென்று எழுந்து நிற்கும் மெயின் ஸ்டாண்டு, வாசல்படியில் நின்று எதிர்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும் பாட்டி, வறுத்த வெங்காய வாசனை. 61,000க்கும் மேல் பேர் உட்காரும் அரங்கம் ஒரு குடியிருப்பின் நடுவில் இருக்கிறது. அது அவர்கள் தெரு, வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், குப்பை போடாதீர்கள்.

மெயின் ஸ்டாண்டை ஒட்டி ஹில்ஸ்பரோ நினைவிடம் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போய் நெரிசலில் சிக்கி உயிரிழந்தவர்களின் பெயர்கள், மொத்தம் 97, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வயது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெயர்களை நின்று படித்துவிட்டு உள்ளே போங்கள். பழியை ரசிகர்கள் மேலேயே போட்ட பொய்யைத் தகர்க்கக் குடும்பங்கள் பல ஆண்டுகள் போராடின, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பு 2016இல்தான் வந்தது. அந்தப் பொய்யை முதல் பக்கத்தில் அச்சிட்ட சன் நாளிதழை இந்த ஊர் இன்றும் புறக்கணிக்கிறது. விமானத்தில் கிடைத்தது என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு லிவர்பூலில் நடக்காதீர்கள். அதேபோல இரண்டு அணிப் பெயரும் பாதிப் பாதி போட்ட ஸ்கார்ஃபை வாங்க வேண்டாம், உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை.

தீவிர ரசிகர்கள் கூடும் காப் ஸ்டாண்டில் டிக்கெட் விழுந்தால் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள், வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் மெயின் ஸ்டாண்டு, கென்னி டால்கிளிஷ் ஸ்டாண்டு கேளுங்கள். தொடங்கும் முன் எல்லோரும் ஸ்கார்ஃபைத் தூக்கிப் பாடும்போது போனை உள்ளே வைத்துவிட்டுக் கூடவே பாடுங்கள். வீடியோ ஆயிரம் கிடைக்கும். பக்கத்து இருக்கைக்காரர் பல வருடமாக அதே இடத்தில் உட்காருபவராக இருக்கலாம், சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அவர் பேசும் ஆங்கிலம் பாதி புரியாது, ஆனால் அன்பாகப் பேசுவார்.

முடிந்ததும் பேருந்துக்கு நீண்ட வரிசை நிற்கும். உடம்பு முடிந்தவர்கள் கூட்டத்தோடு ஊருக்குள் நடந்தே வந்துவிடலாம், முக்கால் மணி நேரம். இரவு 8 மணி ஆட்டத்துக்கு மான்செஸ்டரில் அறை எடுத்திருந்தால் கடைசி ரயிலை முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்கள்

சைவக்காரர்கள் சிப்ஸ் வாங்கும்போது எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேளுங்கள், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். போல்ட் ஸ்ட்ரீட்டில் எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். எட்ஜ் லேனில் ராதாகிருஷ்ணர் கோயில் இருக்கிறது. இங்கிலாந்தின் முதல் மசூதிகளில் ஒன்று, 1880களில் அப்துல்லா குவில்லியம் தொடங்கியது, பிரௌம் டெரஸில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஊரில் இருப்பவர்கள் தொழுகைக்கு அங்கே போகலாம்.

கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் இன்னொரு ஆட்டம் பாருங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பர்கன்ஹெட்டில் டிரான்மியர் ரோவர்ஸ், லிவர்பூல் பெண்கள் அணி செயின்ட் ஹெலன்ஸில், இரண்டுக்கும் டிக்கெட் சுலபம், விலையும் குறைவு. ஆன்ஃபீல்டு ஆட்டம் எதிர்பாராமல் தள்ளிப்போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

குலுக்கலில் எதுவுமே கிடைக்காத வருடமும் வரும். அப்போது ஜூலையைப் பாருங்கள். 2022இலும் 2023இலும் அணி சிங்கப்பூர் தேசிய அரங்கத்துக்கே வந்தது, 2025இல் ஹாங்காங்கும் ஜப்பானும் போனது. பயிற்சி ஆட்டம்தான், ஆனால் விசா அலைச்சல் குறைவு, வார இறுதியோடு முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. அந்த ஆறு மாத விசாவில் பல முறை உள்ளே போகலாம். நவம்பரில் முதல் பயணம் வைத்தால் இரண்டாம் பாதிக் குலுக்கலிலும் பெயரைப் போட்டுவையுங்கள், மார்ச்சில் ஒன்று விழுந்தால் அதே விசா போதும், விமானத்தையும் லீவையும் மட்டும் பார்த்தால் சரி.